முழங்கை ஆபரேஷனுக்குப் பிறகும் சுண்டு விரல் மரத்துப் போகிறதா? நரம்பு ஸ்கேன் என்ன சொல்லும்?

தேசூர், ஆரணி பக்கம் பட்டுத் தறியில் உட்காருபவர்களுக்கு விரல் மரத்தால் வேலையே நின்றுவிடும். அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போட சுண்டு விரல் எதற்கு என்று நினைக்கலாம். ஆனால் சுண்டு விரலுக்கு உணர்ச்சி தரும் அதே நரம்புதான், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளிப் பிடிக்கும் பலத்தையும் தருகிறது.

எந்த நரம்பு அது?

முழங்கையின் உள்பக்கம் எங்காவது இடித்தால் சுர்ரென்று ஷாக் அடிக்குமே, அதுதான் அல்நார் நரம்பு. எலும்பு முண்டுக்குப் பின்னால் ஒரு குறுகலான பாதையில் தோலுக்கு மிக அருகே ஓடுகிறது. கையை மடக்கியே வைத்திருந்தால் அங்கே அழுத்தம் கூடும். அழுத்தத்தை நீக்கவும் ஆபரேஷன் நடக்கும். எலும்பு முறிவுக்கு பிளேட், கம்பி வைக்கவும் நடக்கும். இரண்டிலுமே இந்த நரம்பு கத்திக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஸ்கேனில் என்ன தெரியும்?

கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற அதே அல்ட்ராசவுண்ட்தான். கதிர்வீச்சு கிடையாது, வலிக்காது. ஆனால் மேலோட்டமாக இருக்கும் நரம்பைப் பார்க்க அதிக அதிர்வெண் கொண்ட சிறிய புரோப் தேவை. குறுக்குவாட்டில் பார்த்தால் நல்ல நரம்பு தேன்கூடு போலத் தெரியும். டாக்டர்கள் முக்கியமாகக் கவனிப்பவை:

• நரம்பு அறுபடாமல் தொடர்ச்சியாக இருக்கிறதா?
• தழும்புத் திசு அதைச் சுற்றிப் பிடித்திருக்கிறதா? பிளேட், ஸ்குரூ உரசுகிறதா?
• இடம் மாற்றி வைத்த நரம்பு எங்காவது மடங்கி நெரிகிறதா?
• கையை மடக்கும்போது நரம்பு எலும்பு முண்டைத் தாண்டி நழுவுகிறதா? கையை அசைக்கச் சொல்லி நேரலையாகப் பார்ப்பது இந்த ஸ்கேனின் பெரிய வசதி.

வீக்கம் இருந்தால் ஆபரேஷன் தோல்வியா?

அப்படி இல்லை. முழங்கையில் நரம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 10 சதுர மில்லிமீட்டரைத் தாண்டினால் பொதுவாக வீக்கம் என்பார்கள். ஆனால் வெற்றிகரமான ஆபரேஷனுக்குப் பிறகும் நரம்பு மாதக்கணக்கில் தடித்தே இருக்கலாம். ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழைய ஸ்கேன் இருந்தால் அதோடும், மறு கையோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கரண்ட் வைத்துப் பார்க்கும் டெஸ்ட் போதாதா?

அது நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும். ஸ்கேன் நரம்பு எப்படி இருக்கிறது என்று காட்டும். இரண்டும் தேவை. கரண்ட் டெஸ்ட்டிலும் ஊசி டெஸ்ட்டிலும் முழு பாதிப்பு தெரிய 3 முதல் 4 வாரம் ஆகலாம். அதற்கு முன்பு, அடிபட்டு மயங்கிய நரம்பும் அறுந்த நரம்பும் ஒன்று போலவே தோன்றலாம். அந்த நேரத்தில் ஸ்கேன் கைகொடுக்கும். உள்ளே உலோகம் இருந்தால் எம்ஆர்ஐ படம் கலங்கும். அப்போதும் ஸ்கேன் உதவும். ஆனால் எலும்புக்குப் பின்னால் இருப்பது இதில் தெரியாது. எடுப்பவரின் அனுபவத்தைப் பொறுத்து முடிவும் மாறும்.

ஏன் தள்ளிப்போடக் கூடாது?

அறுந்த நரம்பைத் தைத்தாலும் அது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையில் இருந்து உள்ளங்கைத் தசைக்கு 30 சென்டிமீட்டர் என்றால் 10 மாதம். ஆனால் நரம்புத் தொடர்பு இல்லாமல் 12 முதல் 18 மாதம் கிடக்கும் தசை, பிறகு பழைய நிலைக்கு வருவது கஷ்டம். ‘தானா சரியாகிடும்’ என்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் இந்தக் கணக்கில் கழிகிறது.

தொழுநோயும் காரணமாகலாம்

முழங்கையில் இந்த நரம்பைத் தொழுநோயும் தடிக்க வைக்கும். 1940களின் இறுதியில் வேலூர் சிஎம்சியில் டாக்டர் பால் பிராண்ட் ஆபரேஷன் செய்து நிமிர்த்திய, தொழுநோயால் மடங்கிப்போன விரல்கள் பலவற்றில் பாதிக்கப்பட்டிருந்ததும் இதே நரம்புதான். தோலில் உணர்ச்சியற்ற வெளிர் திட்டு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

என்ன செய்ய வேண்டும்?

மரமரப்பு கூடினாலோ, விரல்கள் மடங்கத் தொடங்கினாலோ, சாவியைக் கிள்ளிப் பிடிக்க முடியாவிட்டாலோ உடனே ஆபரேஷன் செய்த டாக்டரைப் பாருங்கள். ஆபரேஷனுக்கு முன்பு நன்றாக இருந்த விரல் மயக்க மருந்து தெளிந்ததும் மரத்திருந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஸ்கேனுக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைக் கண்டிப்பாக எடுத்துச் செல்லுங்கள். நரம்பை முன்பக்கம் மாற்றி வைத்திருப்பது தெரிந்தால்தான், ஸ்கேன் எடுப்பவர் சரியான இடத்தில் தேடுவார்.