சேவலின் நிறப்பெயரும் இனவரையறையும்: சேலம் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

சேலம் இருப்புப்பாதைச் சந்திப்பு அமைந்துள்ள சூரமங்கலத்தில் இறங்கித் தெற்கே நாமக்கல் நோக்கிச் செல்வார் இருவகைக் கோழிகளைக் காண்பர். நீண்ட கொட்டகைகளில் ஆயிரக்கணக்கில் அடைக்கப்பெற்ற வெள்ளைக் கோழிகள் ஒருவகை. வீட்டு முற்றங்களில் மேயும் நாட்டுக் கோழிகளும், காலிற் கயிறு கட்டித் தனியே பேணப்படும் சேவல்களும் மற்றொரு வகை. முன்னவற்றுள் ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறிதல் அரிது. பின்னவற்றையோ வளர்ப்போர் நிறத்தால் பெயரிட்டு அழைக்கின்றனர். இவ்வேறுபாடு கோழி வளர்ப்பின் வரலாற்றுக்கேயன்றிச் சொல் வரலாற்றுக்கும் உரியது. ஓர் இனத்தின் இலக்கணத்தை எவர் எழுதுகின்றனரோ அவர்தம் சொல்லே அவ்வினத்தின் சொல்லாக நிலைபெறும் என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பண்டைச் சான்றுகள்

கோழியைக் கூர்ந்து நோக்கிய மரபு தமிழில் மிகப் பழையது. சேவல் என்னும் பெயர் எவ்வெப் பறவைக்கு உரியது, அளகு என்னும் பெண்பாற் பெயர் எவற்றிற்குப் பொருந்தும் என்பனவற்றைத் தொல்காப்பிய மரபியல் வரையறுக்கின்றது. குறுந்தொகை 305-ஆம் பாடலைப் பாடிய புலவர், அதில் ஆண்ட கோழிப்போர் உவமையாலேயே குப்பைக் கோழியார் எனப் பெயர் பெற்றார். அந்நூலின் 242-ஆம் பாடல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திலுள்ள ஒளிமிக்க புள்ளிகளைக் குறிக்கின்றது. தென்னாட்டு மலைகளில் வாழும் சாம்பற் காட்டுக்கோழிச் சேவலுக்கு இத்தகைய கழுத்துப் புள்ளிகளே சிறப்படையாளம் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. புறப்பொருள் வெண்பாமாலை கோழி வென்றியை ஒரு துறையாகவே அமைத்துள்ளது.

கல்லெழுத்துச் சான்றும் உண்டு. அரசலாபுரம், இந்தளூர் என்னும் ஊர்களிற் கிடைத்த பழைய நடுகற்கள் போர்ச்சேவல்களின் நினைவாக எடுக்கப்பெற்றவை. சேவல் எச்சேரியைச் சார்ந்தது என்பதை அவை கூறுகின்றன. இந்தளூர்க் கல்லிற் பொற்கொற்றி என்னும் பெயரும் காணப்படுகின்றது. வீரனுக்கு நடும் கல்லைச் சேவலுக்கும் நட்ட மக்கள், அதன் குடிவழியையும் தோற்றத்தையும் கருதாது வளர்த்திருப்பர் எனல் பொருந்தாது.

2. நிறப்பெயர் மரபு

சேவற்கட்டு வழக்கில் நிறப்பெயர்கள் பெரும்பாலும் பிற உயிர்களின் பெயரால் அமைந்தவை. முற்றிலும் கரிய சேவல் காகம் எனப்படும். கீரியின் மயிர் போன்று பல நிறம் விரவிய இறகுடையது கீரி; அதன் உட்பிரிவுகள் கருங்கீரி, செங்கீரி என்பன. மயில், வல்லூறு என்பனவும் வழங்குகின்றன. தெலுங்கு நாட்டிலும் காக்கி, டேகா, நெமலி எனக் காகம், வல்லூறு, மயில் ஆகியவற்றின் பெயர்களே சேவலின் நிறத்தைக் குறிக்கின்றன. எனவே இது தென்னாட்டிற்குப் பொதுவான ஒரு வகைப்பாட்டு முறை எனலாம். வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்னும் ஐம்புள்ளைக் கொண்டு காலம் கணிக்கும் பஞ்சபட்சி சாத்திரத்தோடும் இம்முறை இணைந்துள்ளது. எந்நாளில் எந்நிறச் சேவலைக் களத்தில் இறக்குவது என்பதை அச்சாத்திரம் கொண்டு முடிவு செய்தனர். ஆகவே நிறம் அழகு மட்டும் அன்று. தெரிவுக்கு அடிப்படையாகவும் இருந்தது.

3. வரையறை எழுதப்பெற்ற வரலாறு

இங்கிலாந்தில் 1835-ஆம் ஆண்டுச் சட்டம் கோழிப்போரைத் தடை செய்தது. 1845-இல் இலண்டன் விலங்கியற் பூங்காவில் கோழிக் காட்சி நடைபெற்றது. 1865-இல் இனங்களின் நிறம், கொண்டை, கால், வால் முதலியவற்றை வரையறுக்கும் நூல் அங்கு வெளிவந்தது. அமெரிக்கரும் 1874-இல் தமக்கென ஒரு நூல் வெளியிட்டனர். களம் மறைந்தது, காட்சி மேடை எழுந்தது, மேடைக்கு நடுவர் வேண்டியிருந்தமையால் எழுத்து வரையறை பிறந்தது. காரண காரியத் தொடர்ச்சி இதுவே.

இந்நாட்டு அசில் கோழியும் அவ்வேடுகளுள் இடம்பெற்றது. உயர்குடிப் பிறப்பு எனப் பொருள்படும் அரபுச் சொல்லே அசில் என்பது. அதனை ஆங்கிலப் போர்க்கோழியோடு கலந்து கார்ன்வாலில் உருவாக்கிய இனம் முதலில் இந்தியன் கேம் எனவும் பின்னர்க் கார்னிஷ் எனவும் பெயர் பெற்றது. இன்றைய இறைச்சிக் கோழியின் தந்தைவழி பெரும்பாலும் அதனின்று வந்தது. குருதி இந்நாட்டினது, பெயரும் இலக்கணமும் பிறருடையன.

4. நாமக்கல்லின் வெண்மை

1997-இல் சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், முட்டைத் தொழிலாற் புகழ்பெற்றது. அங்கு வளர்வன இத்தாலிய வழிவந்த வெள்ளை லெகார்ன் கலப்பினங்கள். சிறிய உடல், குறைந்த தீனி, அடைகாக்கும் இயல்பு நீங்கியமை, ஆண்டிற்கு 300 முட்டையளவு ஈனும் திறன் ஆகியவை கருதி அவை தெரிந்தெடுக்கப்பெற்றன.

முட்டையோட்டின் நிறம் கருப்பையில் ஓடு உருவாகும் நிலையிற் சேரும் நிறமியால் அமைவது. புரோட்டோபார்பிரின் பழுப்பையும், பிலிவெர்டின் நீலப் பச்சையையும் தரும். நிறமி இன்மையே வெண்மை. நாட்டுக் கோழி முட்டை இளம்பழுப்பாயிருத்தலின், பழுப்பு முட்டையெல்லாம் நாட்டு முட்டையே எனப் பலர் எண்ணுகின்றனர். பழுப்பு முட்டையிடும் வணிகக் கலப்பினங்களும் உளவாதலின் இது பிழை. ஓட்டின் நிறத்தால் உணவுச் சத்து மாறுபடுவதும் இல்லை. எழுதிய வரையறை மக்களிடம் இல்லாதவிடத்து ஒரு நிறமே இனத்தின் சான்றாகக் கொள்ளப்படும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

வீட்டுக் கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்பது டார்வின் 1868-இல் கூறிய கருத்து. ஆயின் மஞ்சள் தோலுக்குரிய மரபணு சாம்பற் காட்டுக்கோழியினின்று வந்தது என 2008-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. லெகார்னும் மஞ்சள் தோலுடைய இனமே. எனவே அயற்கோழி என நாம் கருதும் அவ்வெள்ளைக் கோழியின் தோலில், குறுந்தொகைப் புலவர் கண்ட காட்டுச் சேவலின் வழியுரிமை மறைந்து நிற்கின்றது.

5. இன்று வேண்டுவது

1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விலங்குகளைப் பொரவிடுதலைக் குற்றமாக்கிற்று. அண்மைக் காலத்தில் கிளிமூக்கு விசிறிவாற் சேவல்களைப் போருக்கன்றி அழகுக்கென வளர்த்துக் காட்சிக்கு வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டிற் பெருகியுள்ளது. கிளியலகு போல் வளைந்த மூக்கும், நீண்டு விரிந்த வாலும், நிறமும் கொண்டு அங்கே மதிப்பிடுகின்றனர். இங்கிலாந்தில் 1845-இல் நேர்ந்த திருப்பமே ஈண்டு நேர்கின்றது. அடுத்த படி எழுத்து வரையறையே.

அவ்வெழுத்து எம்மொழிச் சொற்களால் அமையும் என்பதே வினா. அசிலின் பிறப்பிடமாகச் சத்தீசுகர், ஒடிசா, ஆந்திரம் ஆகியவற்றையே தேசிய இனப்பதிவு குறிக்கின்றது. தமிழ்நாடு அதில் இல்லை. அசிலின் நிறவகைகளாக நூல்கள் தருவன பீலா, யாகூப், நூரி, ககர், சித்தா முதலிய வடபுலப் பெயர்களே. காகமும் கீரியும் அங்கில்லை. ஆனால் இச்சமவெளியிலேயே வேறொரு சான்றும் உண்டு. மேச்சேரி என்னும் ஊரின் பெயர் தாங்கிய செம்மறியாட்டினம் வரையறுக்கப்பெற்ற இனமாக விளங்குகின்றது. அதற்கெனப் பொட்டனேரியில் 1978-இல் ஆராய்ச்சி நிலையமும் தோன்றிற்று. எழுதப்பெற்றமையால் ஊர்ப்பெயர் இனப்பெயராக நின்றது.

சிறுவிடை, பெருவிடை என்னும் வகைப்பெயர்களும், நிறப்பெயர்களும், மூக்கு, வால், கால் பற்றிய தொழிற்சொற்களும் இன்று முதியோர் வாயில் மட்டுமே முழுமையாக வாழ்கின்றன. ஒரே பெயர் ஊருக்கு ஊர் வேறு நிறத்தைக் குறித்தலும் உண்டு. ஆதலின் ஊர், சொல், அச்சொல் சுட்டும் பறவையின் படம் ஆகிய மூன்றையும் ஒருங்கே பதிதல் வேண்டும். கால்நடை அறிவியலார் பறவையை அளப்பர். சொல்லை அளத்தல் தமிழாய்வாளர் கடன். மரபியல் வகுத்த மொழிக்கு இப்பணி புதியதன்று. வரையறை எழுதப்படுமுன் அது நிறைவேறின் காகமும் கீரியும் ஏட்டில் நிற்கும். இல்லையேல் சேவல் எஞ்சும், அதன் பெயர் எஞ்சாது.