ஒரே கம்பெனி, ரெண்டு வண்டி

மேலூரில் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் ரொம்ப வருஷமாக இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. ஒன்று தாத்தாவின் புல்லட், அறுபதுகளில் வாங்கியது. இன்னொன்று பெரியப்பாவின் ஃபியூரி 175, எண்பதுகளில் வாங்கியது. இரண்டுமே என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தயாரிப்பு. இரண்டையும் திரும்ப ஓடவைப்பது என்று போன வருஷம் இறங்கினேன். எனக்கு சாஃப்ட்வேர் வேலை. பி.இ. படிக்கும்போது ஒரு செமஸ்டர் லேத் முன்னால் நின்றதுதான் பட்டறை அனுபவம். 'ஃபியூரி இருபது வருஷம் இளசு, அதுக்குத்தான் சாமான் லேசா கிடைக்கும், அதை முதல்ல முடிச்சிடலாம்' என்று கணக்குப் போட்டேன்.

கணக்கு தலைகீழாகப் போனது. புல்லட்டுக்கு பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட் எல்லாம் மதுரையில் நான் நுழைந்த முதல் புல்லட் கடையிலேயே கிடைத்தன. அங்கே இல்லாத இரண்டு மூன்று சாமான்கள் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தன. ஃபியூரிக்கு பிஸ்டன் கேட்டபோது கடைக்காரர், "அது எந்தக் கம்பெனி வண்டி தம்பி?" என்றார். என்ஃபீல்டு என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

பழைய வண்டிக்குச் சாமான் கிடைக்கிறது, புதிய வண்டிக்குக் கிடைக்கவில்லை. ஏன்? அதைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் புல்லட். இது இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் வண்டி. 1949-ல் இந்தியாவுக்கு வந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக ராணுவத்துக்கு 800 புல்லட்டுகள் வாங்க இந்திய அரசு முடிவு செய்தது. அந்த ஆர்டர்தான் விதை. 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். ஆலை திருவொற்றியூரில். முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கும் வேலைதான் நடந்தது. 1957-ல் பாகங்களைச் செய்வதற்கான டூலிங்கும், அதாவது அச்சுகளும் டைகளும் ஜிக்குகளும், சென்னைக்குக் கைமாறின. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராகிவிட்டன.

இங்கிலாந்தில் என்ன ஆனது? 1967-ல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது, 1970-ல் அந்தக் கம்பெனியே முடிந்துபோனது. திருவொற்றியூரில் மட்டும் வேலை நிற்கவில்லை. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆனது. ஆங்காங்கே மாறுதல்கள் செய்தாலும் அந்த இரும்பு பேரல் இன்ஜினின் அடிப்படை 2000-களின் கடைசி வரை தொடர்ந்தது. தாய் ஆலை போய்விட்டது, ஆனால் அச்சு பிழைத்துக்கொண்டது. தாத்தா வண்டிக்குச் சாமான் கிடைப்பதன் ரகசியம் அவ்வளவுதான்.

இப்போது ஃபியூரி. எண்பதுகளில் என்ஃபீல்டு இந்தியா ஜெர்மனியின் சுண்டாப் கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்கி, ராணிப்பேட்டையில் அதற்கென்று தனி ஆலை வைத்துச் சின்ன டூ ஸ்ட்ரோக் வண்டிகளைச் செய்தது. சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர் என்று 50 சிசியில் இரண்டு, அவற்றுக்கு மேலே ஃபியூரி. ஐந்து கியர், முன்சக்கரத்தில் பிரெம்போ டிஸ்க் பிரேக், உள்ளே லைனரே இல்லாமல் ஹார்டு குரோம் பூசிய சிலிண்டர். அன்றைய இந்தியச் சாலைக்கு இது எதிர்காலத்திலிருந்து வந்த வண்டி.

ஆனால் 1984-லேயே சுண்டாப் திவாலானது. அங்கிருந்த உற்பத்திச் சாதனங்களை சீனா வாங்கியது, எல்லாம் தியான்ஜின் நகருக்குப் போயின. இங்கே ஃபியூரி அதிகம் விற்கவும் இல்லை, நீண்ட நாள் தயாரிப்பில் இருக்கவும் இல்லை. ரெட்டிச் மூடியபோது சென்னையில் ஒரு ஆலை அதே வேலையைத் தொடர்ந்து செய்தது. சுண்டாப் மூடிய பிறகு ஃபியூரிக்கு அப்படித் தொடர யாரும் இல்லை.

ஆலை மூடினால் எல்லாமே முடிந்துவிடுமா என்றால், இல்லை. ஜாவா, யெஸ்டி வண்டிகளைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா 1996-ல் மூடப்பட்டது. இன்றும் அவற்றுக்கு பிஸ்டன், ரிங், கேபிள் கிடைக்கின்றன. ரோட்டில் அவ்வளவு வண்டி இருந்ததால் சின்னச் சின்னப் பட்டறைக்காரர்கள் பார்த்துச் செய்து விற்கிறார்கள். என் தொழில் பாஷையில் சொன்னால், ஒரு மென்பொருள் பிழைக்க அதன் சோர்ஸ் கோடு யாரிடமாவது இருக்க வேண்டும், அல்லது அதைப் பயன்படுத்தும் கூட்டம் இருக்க வேண்டும். புல்லட்டுக்கு இரண்டும் இருந்தன. யெஸ்டிக்குக் கூட்டம் இருந்தது. ஃபியூரிக்கு இரண்டுமே இல்லை.

சரி, வண்டியைப் பிரித்தேன். இங்கே இன்னொரு வேடிக்கை. புல்லட்டின் நட்டு போல்ட்டுகளில் நிறைய, பழைய பிரிட்டிஷ் சைக்கிள் திரெட், அங்குலத்துக்கு 26 புரி. சாதாரண ஹார்டுவேர் கடையில் கிடைக்காது, புல்லட் கடைக்குத்தான் போகணும். ஃபியூரி ஜெர்மன் வடிவம், எல்லாம் மெட்ரிக். மேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையிலேயே முக்கால்வாசி போல்ட் கிடைத்தது. பேரிங்கும் அப்படித்தான். 6204 என்று எழுதியிருந்தால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ. எந்த நாட்டில், எந்தக் கம்பெனி செய்தாலும் அதே அளவு. ஆயில் சீலுக்கும் மூன்று அளவு சொன்னால் போதும். அதாவது உலகத்துக்கே பொதுவான அளவில் செய்த பாகம் கம்பெனி செத்தாலும் சாகாது. அந்த வண்டிக்கென்று மட்டும் செய்த பாகம்தான் அநாதையாகிறது. ஃபியூரியில் அந்த அநாதை, சிலிண்டர்.

சிலிண்டர் தேய்ந்தால் புல்லட்டில் என்ன செய்வோம்? அதன் பேரல் கனமான இரும்பு. கொஞ்சம் கடைந்து பெரிசாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவோம். நானும் ஃபியூரி பேரலை அதே நினைப்பில் மதுரையில் ஒரு லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அண்ணன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தம்பி, இது அலுமினியம். உள்ள இருக்கிற பளபளப்பு வெறும் குரோம் பூச்சு, தலைமுடி கனம்தான். இதைக் கடைஞ்சா கீழ மெத்து அலுமினியம் வந்துரும், ஒரு நாள்கூடத் தாங்காது" என்றார். நல்லவேளை.

இரண்டு வழி இருந்தது. பழைய பூச்சை எடுத்துவிட்டு மறுபடி பூசுவது ஒன்று. வண்டி பிறந்தபடியே இருக்கும், ஆனால் அதற்குப் பொருத்தமான பிஸ்டன் வேண்டும், அதுதான் இல்லையே. இன்னொன்று, பேரலைக் குடைந்து வார்ப்பிரும்பு லைனர் இறக்குவது. அப்படிச் செய்தால் உள்விட்டத்தை நாமே தீர்மானிக்கலாம். இன்றும் கிடைக்கும் வேறொரு டூ ஸ்ட்ரோக் வண்டியின் பிஸ்டனை வைத்துக்கொண்டு அதற்கேற்ற துளையை உண்டாக்கலாம். பின் விட்டம், பின்னிலிருந்து தலை வரை உயரம், ரிங் முனை நிற்கும் இடம், இந்த மூன்றும் ஒத்துவர வேண்டும். ஆனால் ஃபியூரியின் பெருமையே அந்த லைனர் இல்லாத சிலிண்டர்தான். அதை அழித்துவிட்டு எதைக் காப்பாற்றுகிறேன்? சரித்திரம் படிக்கிறவனுக்கு இது சின்னக் கேள்வி இல்லை. இரண்டு மாசம் யோசித்தேன்.

பெரியப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசு. அவரிடம் கேட்டேன். "டேய், ஒரிஜினலை வச்சு நான் என்ன கற்பூரமா காட்டப் போறேன்? வண்டின்னா ஓடணும்" என்றார்.

லைனர் என்றே முடிவு. அலுமினியம் சூட்டில் இரும்பைவிடச் சுமார் இரண்டு மடங்கு விரியும். 65 மி.மீ. துளையை 200 டிகிரிக்குச் சூடாக்கினால் கால் மில்லிமீட்டர் விரியும். அந்த நேரத்தில் குளிர்ந்த லைனரை இறக்கினால் ஆறியதும் கவ்விக்கொள்ளும். லைனர் துளையைவிட எவ்வளவு பெரிசாக இருக்கணும்? நான் எக்ஸெல்லில் போட்டு 0.04 மி.மீ. என்றேன். அண்ணன் சிரித்தார். "அது வண்டி நிக்கும்போது பிடிக்கும். ஓடிச் சூடானா பேரல் விரிஞ்சு லைனர் உள்ள ஆடும். பாயிண்ட் ஒண்ணாவது வேணும்." வீட்டுக்கு வந்து, இன்ஜின் சூட்டையும் சேர்த்துத் திரும்பக் கணக்குப் போட்டேன். 0.09 வந்தது.

இந்தக் கைக்கணக்கு ஒரே நாளில் வந்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது பஸ்களைக் கரிவாயுவில் ஓடவைக்கக் கலன் செய்து கொடுத்தது மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம். வெளியூரிலிருந்து வராததை இங்கேயே செய்துகொள்ளும் பழக்கம் இந்த ஊருக்குப் பழசு.

டூ ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் ஜன்னல்கள்தான் எல்லாம். அவற்றின் உயரம் ஒரு மில்லி மாறினாலும் வண்டியின் குணம் மாறும். அதனால் குடைவதற்கு முன்பே பழைய பேரலுக்குள் கிராஃப் தாளைச் சுருட்டி ஒட்டவைத்து, பென்சிலால் தேய்த்து ஜன்னல்களைப் படியெடுத்தேன். கோயிலில் கல்வெட்டு படியெடுப்பது மாதிரியேதான். அந்தத் தாளைப் பார்த்து லைனரில் ஜன்னல்களைக் கொஞ்சம் சின்னதாக வெட்டி, இறக்கிய பிறகு அரத்தால் சரிசெய்தோம். ரிங் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஓரங்களை மழுக்கினோம். லைனரை இறக்கும்போது கிடைப்பது சில விநாடிதான். கோடு பிசகினால் மொத்தமும் வீண். அண்ணன் ஒரே மூச்சில் இறக்கினார். நான் அதுவரை மூச்சே விடவில்லை.

தை மாசம் வண்டி ஓடியது. பெரியாறு கால்வாய்க் கரையில் பெரியப்பா ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்தார். இறங்கியதும், "சத்தம் முன்ன மாதிரி இல்லடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா பரவாயில்ல" என்றார்.

இப்போது ஃபியூரியின் ஆர்.சி. புத்தகத்துக்குள் இரண்டு தாள் மடித்து வைத்திருக்கிறேன். ஒன்று பென்சில் தேய்த்த அந்தக் கிராஃப் தாள். இன்னொன்று லைனரின் அளவுகளை மில்லிமீட்டரில் போட்ட வரைபடம், எந்த வண்டி பிஸ்டன் என்ற குறிப்போடு. இந்த வண்டி இன்னும் முப்பது வருஷம் கழித்து மறுபடி தேய்ந்து யாராவது திறந்தால், அவர்கள் என்னை மாதிரி அலைய வேண்டாம். உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் இப்படி ஏதாவது நின்றால், பிரிப்பதற்கு முன்னால் அளந்து எழுதி வையுங்கள்.