லயத்து வீட்டின் சாவி யாரிடம் இருந்தது?

குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் இருக்கும் சிற்றூர் காஹாங். இன்று அவ்வழியே போவோரின் கண்ணில் படுவது பெரும்பாலும் செம்பனை மரங்கள்தான். எண்டாவ் ரொம்பின் காட்டைப் பார்க்கக் கம்போங் பெத்தாவுக்குச் செல்லும் சுற்றுப்பயணிகள் இங்கே திரும்புவார்கள். மற்றவர்கள் வண்டியை நிறுத்தாமல் கடந்து விடுவார்கள். ஆனால், ஜொகூர் மாநிலத்தின் இந்த நடுப்பகுதி தோட்டத் தொழிலையும் போரையும் ஒருசேரக் கண்ட பூமி. அந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக் கொண்டவர்களில் பெரும் பங்கினர் தமிழர்கள்.

அடிமைத்தனம் என்றால் ஆப்பிரிக்கர்கள் நினைவுக்கு வருகிறார்கள். உள்நாட்டுப் போர் என்றால் அமெரிக்கா. நம் பிள்ளைகள் படித்த பாடம் அப்படி. அந்த அமெரிக்கக் கதையிலேயே பலருக்குத் தெரியாத ஒரு பக்கம் உண்டு. அதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினால் நம் கதை இன்னும் தெளிவாகப் புரியும்.

சட்டம் ஒன்று, வாழ்க்கை வேறு

தென் மாநிலங்கள் அடிமைகளை வைத்திருந்தன, வட மாநிலங்கள் அவர்களை விடுவிக்கப் போரிட்டன என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. நியூ ஜெர்சி ஒரு வட மாநிலம். அங்கே 1804-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்பின் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளை சுதந்திரப் பிறவி என்றது அச்சட்டம். ஆனால், ஆணானால் 25 வயது வரை, பெண்ணானால் 21 வயது வரை தாயின் எசமானுக்கே உழைக்க வேண்டும் என்றும் சொன்னது. 1846-ல் அடிமைத்தனம் என்ற பெயரையே எடுத்து விட்டார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கு "ஆயுள்காலப் பயிற்சித் தொழிலாளர்" என்று புதுப் பெயர் சூட்டினார்கள். 1860-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பிலும் அங்கே 18 பேர் அடிமைகளாகவே பதிவாகியிருந்தனர். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் நியூ ஜெர்சியின் பிள்ளைகள் வட அணியில் நின்று மாண்டார்கள். ஆயினும், அடிமைத்தனத்தை நாடு முழுவதும் ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை அதே மாநிலத்தின் சட்டமன்றம் 1865-ல் நிராகரித்தது. மறு ஆண்டுதான் ஏற்றுக்கொண்டது.

பெயரை மாற்றிவிட்டுக் கட்டை மட்டும் அப்படியே வைத்திருப்பது எப்படி என்பதற்கு இது ஒரு சான்று. இதே கதை ஆங்கிலேயர் ஆட்சியிலும் நடந்தது. அதில்தான் நம் முன்னோர்கள் வருகிறார்கள்.

ஒப்பந்தமும் கங்காணியும்

பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைத்தனத்தை ஒழிக்கும் சட்டம் 1833-ல் நிறைவேறியது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! அடிமைக்குப் பதிலாக ஒப்பந்தக் கூலி வந்தான். இந்தியாவில் அடிமைத்தனத்துக்குச் சட்டப் பாதுகாப்பை நீக்கிய சட்டம் 1843-ல் வந்தது. ஆனால் தஞ்சை, திருச்சி வட்டாரங்களில் பண்ணையாளாகக் கிடந்தவனுக்கு நிலம் கிடைக்கவில்லை. பஞ்சமும் கடனும் துரத்த, நாகப்பட்டினத்தில் கப்பலேறினான். பினாங்கிலும் செபராங் பிறையிலும் இறங்கியவன், கப்பல் செலவைக் கழிக்க ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. இடையில் வேலையை விட்டு ஓடினால் அது கடனாளி வழக்காகப் பார்க்கப்படவில்லை. குற்றமாகவே கருதப்பட்டு, சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

மலாயாவில் ஒப்பந்த முறை 1910-ல் முடிவுக்கு வந்தது. ஜொகூரில் கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் பாதை போட்டு முடிந்தது 1909-ல். அதையொட்டி உள்நாட்டுக் காடுகள் அழிந்து கித்தாத் தோட்டங்கள் பெருகின. எனவே ஜொகூரின் உட்பகுதிக்கு வந்த தமிழர்களில் பெரும்பாலோர் கங்காணி முறையில் வந்தவர்கள். கங்காணி தன் ஊருக்கே போய், தன் உறவையும் சாதி சனத்தையும் திரட்டிக் கொண்டு வருவார். சிறைத் தண்டனை போய்விட்டது உண்மைதான். ஆனால் கங்காணியிடம் பட்ட கடன், கடைக்கணக்கு, கள்ளுக்கடை எல்லாம் சேர்ந்து அந்த இடத்தை நிரப்பின.

இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. அதுதான் லயத்து வீடு. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் மரம் வெட்டி, மாலையில் திரும்பும் அந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது. வேலை இருக்கும்வரைதான் வீடு. துரையை எதிர்த்துப் பேசினால் வேலை போகும். வேலை போனால் பெண்டாட்டி பிள்ளைகளோடு அன்றே தெருவுக்கு வர வேண்டியதுதான். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941-ல் ஆர்.எச்.நாதன் போன்றோர் முன்னின்று நடத்திய வேலை நிறுத்தத்தில், கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. அரசாங்கம் படையை அனுப்பியது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார்.

காஹாங் வழியே வந்த போர்

அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். ஆங்கிலேயர் காஹாங்கில் ஒரு விமானத் தளமும் குளுவாங்கில் ஒன்றும் அமைத்திருந்தனர். 1942 ஜனவரி பிற்பகுதியில் ஜெமாலுவாங், குளுவாங், ஆயர் ஹீத்தாம், பத்து பகாட் என்று ஜொகூரின் குறுக்கே கடைசித் தற்காப்புக் கோடு போடப்பட்டது. காஹாங் அந்தக் கோட்டின் மேலேயே இருந்தது. சில நாள்களில் கோடு உடைந்தது. ஜனவரி 31-ல் ஆங்கிலப் படை பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் ஒதுங்கியது. துரைமார் போய்விட்டார்கள். தோட்ட மக்கள் லயத்திலேயே கிடந்தார்கள்.

கித்தா விற்கவில்லை, அரிசி வரவில்லை. மரவள்ளிக்கிழங்கு உணவானது, சாக்குத் துணி உடையானது. பிறகு வந்தது ஆள் பிடிப்பு. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோ மீட்டர் ரயில் பாதை போட மலாயாவிலிருந்து 75,000-க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். நல்ல சம்பளம் என்று சொல்லிச் சிலரை அழைத்தார்கள், பலரை லாரியில் ஏற்றினார்கள். எந்தத் தோட்டத்தில் எத்தனை பேர், எந்த லயத்தில் யார் என்ற கணக்குப் புத்தகம் ஆபீசில் இருந்தது. ஆள் பிடிக்க வந்தவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? 1943-ல் காலரா முகாம்களைச் சூறையாடியது. போன பல்லாயிரவர் திரும்பவே இல்லை. கைதிகளாயிருந்த வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசையாக நிற்கின்றன. நம்மவர்களில் மிகப் பலர் பெயரில்லாமல் மண்ணானார்கள்.

அதே 1943-ல் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். தோட்டத்துப் பிள்ளைகள் இந்திய தேசிய ராணுவத்திலும், பெண்கள் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தனர். துரையின் முன் தலைகுனிந்து நின்றவர்கள் முதன்முறையாகத் துப்பாக்கி ஏந்தி நிமிர்ந்து நின்றார்கள். அந்த நிமிர்வுதான் போருக்குப் பின் தொழிற்சங்கமாக உருவெடுத்தது.

வேலிக்குள் ஒரு வாழ்க்கை

1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. பெயர் அவசரகாலம். நடந்ததோ 12 ஆண்டுக் காட்டுப் போர். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ்.ஏ.கணபதி 1949 மே 4-ல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தோட்டத்தில் உரிமை பேசுவதே ஆபத்தான காரியமாயிற்று.

ஜொகூர் இப்போரின் கடுமையான களங்களில் ஒன்று. 1950-ல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டப்படி, காட்டோரத்துச் சீனக் குடும்பங்கள் முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டன. தோட்டத் தொழிலாளர்களில் லட்சக்கணக்கானோரும் இடம் மாற்றப்பட்டு, அவர்களின் லயங்களைச் சுற்றியும் கம்பி வேலி எழுந்தது. காலையில் வாசற்கதவு திறக்கும்போது சோதனை. காட்டிலுள்ளவர்களுக்குப் போய்விடும் என்று அரிசிக்குக் கட்டுப்பாடு. மாலையில் ஊரடங்கு. பகலில் ராணுவம் கேள்வி கேட்கும், காட்டிலிருந்து வருபவன் சோறு கேட்பான். ஒருவனுக்குப் பதில் சொன்னால் மற்றவனுக்குப் பகை. தென்மலாயாவில் கம்யூனிஸ்டுகளின் முக்கியத் தலைவர் ஹோர் லுங் 1958-ல் சரணடைந்தபின் ஜொகூரில் அனல் தணிந்தது. 1960 ஜூலை 31-ல் அவசரகாலம் முடிந்தது. உயிரிழந்த பொதுமக்கள் 2,400-க்கும் மேல்.

சாவி கைமாறவில்லை

வேலி போயிற்று. வீடு வந்ததா? இல்லை. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, மரத்தோடு லயமும் கைமாறியது. 1960-ல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க முனைந்தது, இந்த வலியை உணர்ந்த அபூர்வமான முயற்சி. பின்னர் கித்தா போய்ச் செம்பனை வந்தது. குறைந்த ஆள் போதும் என்றானது. பல தோட்டங்களில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். 1990-ல் வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், லயத்து வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னது. அது யாருக்குச் சொந்தம் என்பதை மாற்றவில்லை.

நியூ ஜெர்சியில் அடிமைக்குப் பெயர் மாறியது. மலாயாவில் ஒப்பந்தம் கங்காணியாகி, கங்காணி செக்ரோலாகி, அதுவும் குத்தகையானது. பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தபோதும் மாறாமல் இருந்தது ஒன்றுதான்: உழைப்பவன் படுத்துறங்கும் வீட்டின் சாவி இன்னொருவன் கையில் இருந்தது. காலடியில் சொந்த மண் இல்லாதவனைத்தான் ஜப்பானியனால் லாரியில் ஏற்ற முடிந்தது, ஆங்கிலேயனால் வேலிக்குள் அடைக்க முடிந்தது, புது முதலாளியால் வெளியே அனுப்ப முடிந்தது.

சயாம் போய்த் திரும்பியவர்கள் இன்று அநேகமாக இல்லை. வேலிக்குள் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அந்தத் தாத்தா பாட்டியிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எந்தத் தோட்டம், எந்த லயம், யார் யார் போனார்கள், யார் திரும்பவில்லை என்று கேட்டு எழுதி வைப்பது பேரப்பிள்ளைகளின் கடமை. சொந்தமாக ஒரு வீடு என்பது வசதி படைத்தவர்களின் ஆசை என்று நினைப்பவர்களுக்கு, அந்தப் பெயர்ப் பட்டியல் பதில் சொல்லும்.