அடிமையின் மகன் ஏறிய மேடை

நடுவர் அவர்களே! 'வரலாற்றுக்குப் புத்தகம் இருக்கு, நாடகம் எதுக்கு?'ன்னு எதிரணி நண்பர் கேட்டார். நல்ல கேள்வி.

1791-ல் பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804-ல் ஹைத்தி என்ற தனிநாடே பிறந்தது. அதைப் பார்க்கத் தலைவர் தூசான் லூவெர்த்தூருக்குக் கொடுத்துவைக்கவில்லை; 1803-ல் பிரான்சில் சிறையிலேயே இறந்துபோனார்.

இந்தக் கதையை சி.எல்.ஆர். ஜேம்ஸ் நாடகமாக்கினார். 1936-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அரங்கில் தூசானாக நின்றவர் யார் தெரியுமா? பால் ராப்சன்! அவரைப் பெற்ற தகப்பனார் அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பி ஓடியவர் ஐயா! அந்த மகன் மேடையில் விடுதலை கேட்டால், அதை வெறும் வசனம்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

ரெண்டே காட்சிதான் நடந்தது. வசூல் பேசுறவங்க சிரிக்கலாம். ஆனா எதிரணி நண்பர் கேட்ட புத்தகம் இருக்கே, ஜேம்ஸ் எழுதிய 'கறுப்பு ஜாக்கோபின்கள்', அது வந்தது 1938-ல். நாடகம் ரெண்டு வருஷம் முந்திக்கிட்டது, நடுவர் அவர்களே!