பாரோ

எகிப்திய அரசரைக் குறிக்க இன்று வழங்கும் ‘பாரோ’ என்னும் சொல், தொடக்கத்தில் அரசரை அன்றி அவர் வாழ்ந்த அரண்மனையையே குறித்தது. பண்டை எகிப்திய மொழியில் ‘பெர்’ என்பது வீடு, ‘ஆ’ என்பது பெரிய. அம்மொழியில் பெயரடை பெயர்ச்சொல்லுக்குப் பின்னே வருவதால் ‘பெர்-ஆ’ என்பதற்குப் ‘பெரிய வீடு’ என்று பொருள். ‘பெர்’ என்பதற்குரிய சித்திர எழுத்து, கீழ்ப்பக்க நடுவில் வாசலுக்கு இடைவெளி விட்ட நீள்சதுரம், அதாவது மேலிருந்து நோக்கிய வீட்டின் தரைப்படம்.

அரண்மனையின் பெயர் அரசருக்கே ஆகிவந்தது 18-ஆம் அரசமரபின் காலத்தில்தான் (ஏறத்தாழ கி.மு. 1550–1292); எனவே, கி.மு. 26-ஆம் நூற்றாண்டில் கீசாவின் பெரும் பிரமிடை எழுப்பிய கூஃபுவைப் பாரோ என்பது பிற்கால வழக்கே. கல்லறைகளையும் எகிப்தியர் ‘நித்திய வீடு’ என்றே அழைத்தனர். ஆனால் உயிரோடிருந்த அரசரின் வீடு வெயிலில் உலர்த்திய செங்கல்லாலும், இறந்தவரின் வீடு கல்லாலும் கட்டப்பட்டதால், மூன்றாம் அமென்ஹோடெப்பின் மல்கட்டா அரண்மனை இடிந்த சுவர்களாக எஞ்ச, பிரமிடுகள் நிலைத்தன. அரண்மனையைச் சுட்டிய சொல்லோ அரண்மனைகளைவிட நெடுங்காலம் வாழ்கிறது. எபிரேயம் வழியாகத் தமிழ் விவிலியத்தில் அது ‘பார்வோன்’ என்றும், அரபு வழியாகத் தமிழ் முஸ்லிம்களிடையே ‘பிர்அவ்ன்’ என்றும் வழங்குகிறது.