செம்மண் சாலையிலிருந்து காஞ்சனபுரி வரை: கெடாத் தோட்டத் தமிழரும் அச்சிட்ட சாலை வரைபடமும்

கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கலக்கும் இடத்தில் கோலா கெத்தில் இருக்கிறது. சுங்கை பட்டாணியையும் பாலிங்கையும் இணைக்கும் 67ஆம் எண் கூட்டரசுச் சாலை இவ்வூர் வழியே போகிறது. இங்கிருந்து காரில் தாய்லாந்து செல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சுங்கை பட்டாணி போய் வடக்கே திரும்பி, புக்கிட் காயூ ஹீத்தாம் எல்லையைக் கடந்து சடாவ் சேர்வது. மற்றொன்று, கிழக்கே பாலிங், பெங்காலான் ஹுலு வழியாகப் பெத்தோங் செல்வது. இந்த இரு வழிகளையும் இன்று எவரும் ஒரு சாலை வரைபட நூலில் விரலால் தொடர்ந்து பார்க்கலாம். ஆனால் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர்களின் கைக்கு அந்த நூல் வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. பாதை அறியும் வாய்ப்பு யாரிடம் இருந்தது, அது எப்படிக் கைமாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அளவையாளரின் தாள்

1909 மார்ச் 10இல் பேங்காக்கில் கையெழுத்தான ஆங்கில–சயாம் ஒப்பந்தம் கெடாவைப் பிரிட்டிஷ் ஆதிக்கத்தின் கீழ் கொண்டுவந்தது. அதன்பின் எல்லைக்கோடு, காட்டு ஒதுக்கீடு, தோட்டங்களுக்கான நிலம் எல்லாம் வரைபடத்தில் ஏறின. தோட்ட அலுவலகத்துக்கும் ஒரு வரைபடம் தேவைப்பட்டது. எந்த நிரையில் எத்தனை ஏக்கர், எங்கே ஆறு, எங்கே ஆலை என்று துரையும் கிராணியும் அதைப் பார்த்து வேலை பிரித்தார்கள்.

தொழிலாளிக்கு அந்தத் தாள் தேவையில்லை என்று கருதப்பட்டது. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களை இங்கே அழைத்து வந்தவர் கங்காணி. லயம், ஆலை, கோயில், கள்ளுக்கடை இவற்றுக்கிடையே ஓடிய செம்மண் சாலைகள் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானவை. பொதுச் சாலையில் தூரத்தைக் ‘கட்டை’ எனும் மைல் கணக்கில் சொன்னார்கள். மைல்கல்லே அவர்களின் வழிகாட்டி.

இதே காலத்தில் உலகின் வேறு பகுதிகளில் சாலை வரைபடம் பொதுமக்களிடம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. பிரான்சில் டயர் விற்ற மிஷ்லின் நிறுவனம் 1900இல் வழிகாட்டி நூலையும், 1910 முதல் சாலை வரைபட வரிசையையும் வெளியிட்டது. அமெரிக்காவில் ராண்ட் மெக்நாலி 1924இல் தன் முதல் சாலை அட்லஸைக் கொண்டுவந்தது. மலாயாவில் 1932இல் உருவான மோட்டார் வாகனச் சங்கம் கார் வைத்திருப்போரின் அமைப்பு. அன்று கார் வைத்திருந்தவர்கள் துரைமாரும் நகரத்துச் செல்வரும் தான்.

வரைபடம் இல்லாமல் சயாமுக்கு

1941 டிசம்பரில் இந்தச் சாலைகள் போர்முனையாயின. இன்று பெங்காலான் ஹுலு என வழங்கும் குரோவிலிருந்து ஒரு பிரிட்டிஷ் படைப்பிரிவு பெத்தோங் சாலையில் எல்லை தாண்டிச் சென்றது. அதே சாலையில் பட்டாணியிலிருந்து ஜப்பானியப் படை எதிரே வந்தது. 1943இல் ஜப்பான் கெடாவைத் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பும் வரை, 1909இல் வரைந்த கோடு செல்லாமல் கிடந்தது.

அந்த ஆண்டுகளில் தான் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பெருந்திரளாக வடக்கே எல்லை கடந்தார்கள். பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்புசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமான, ‘மரண இரயில்’ எனப் பெயர்பெற்ற பாதையைப் போட, மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை ஜப்பானியர் கொண்டு சென்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். மூன்று மாத வேலை என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். இலாரியை நிறுத்தி ஆட்களைப் பிடித்துப்போனதும் உண்டு. சரக்கு வண்டியில் அடைபட்டுப் பான் போங்கில் இறங்கியவர்கள் அங்கிருந்து காட்டு முகாம்களுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரவர் மாண்டார்கள். எங்கே போகிறோம், வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியும் வழிகூட அவர்களுக்கு இல்லை. தப்பி ஓட நினைத்தவனுக்குத் தண்டவாளம் ஒன்றே வழிகாட்டி. இந்த வரலாற்றை ஒதுக்கிவிட்டு, கெடாத் தமிழரின் தாய்லாந்துப் பயணத்தைப் பற்றிப் பேச முடியாது.

மூடிய தாள்கள், திறந்த சாலைகள்

போருக்குப் பின்னும் வரைபடம் எளிதில் கிடைக்கவில்லை. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டத்து லயங்கள் முள்வேலிக்குள் அடங்கின. 1955 டிசம்பரில் துங்கு அப்துல் ரகுமானும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கும் பாலிங்கில் நடத்திய பேச்சு பலனின்றி முடிந்தது. எல்லைக் காடுகளில் ஆயுதப் போராட்டம் ஓய்ந்தது 1989 டிசம்பர் 2இல், ஹட்யாய் ஒப்பந்தத்தால். அந்தச் சூழலில் நில அளவைத் துறையின் 1:50,000 நிலத்தோற்ற வரைபடங்களில் ‘தெர்ஹாட்’ (கட்டுப்படுத்தப்பட்டது) என்ற முத்திரை இருந்தது. அனுமதியின்றி அவற்றைப் பெற முடியாது. சாதாரண மக்களுக்குக் கிடைத்தவை எண்ணெய் நிறுவனங்களும் தனியார் பதிப்பகங்களும் அச்சிட்ட சாலை வரைபடங்கள்.

அவற்றை வாங்கும் தேவை தோட்ட வாழ்வின் சிதைவிலிருந்து பிறந்தது. தோட்டத் துண்டாடலும் பின்னர் செம்பனையின் பரவலும் தமிழர்களைச் சுங்கை பட்டாணி, கூலிம், பட்டர்வொர்த் போன்ற நகரங்களுக்கு அனுப்பின. ஒரே லயத்தில் வாழ்ந்த உறவுகள் பல ஊர்களில் சிதறின. திருமணத்துக்கும் கருமாதிக்கும் சாலை வழியே போய்வர வேண்டியிருந்தது. 1985இல் புரோட்டோன் சாகா சந்தைக்கு வந்தது. அதே ஆண்டில் ஆசியான் நாடுகள் ஒன்றின் ஓட்டுநர் உரிமத்தை மற்றொன்று ஏற்கும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 1994இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்தது. கார், உரிமம், சாலை மூன்றும் ஒரே பத்தாண்டுக்குள் கூடிவந்த பிறகு, சாலை அட்லஸ் தோட்டத்துப் பிள்ளைகளின் கார்களிலும் இடம்பிடித்தது.

தாளில் வாசிக்கும் பயணம்

கோலா கெத்திலிலிருந்து, மரண இரயில் பாதை கடந்து சென்ற காஞ்சனபுரிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். தாய், ஆங்கிலம் இரண்டிலும் பெயர் அச்சிட்ட தாய்லாந்து அட்லஸில் இவ்வழியைப் பார்த்தால் அந்நாட்டுச் சாலை எண்களின் ஒழுங்கு புரியும். முதல் இலக்கம் வட்டாரத்தைச் சொல்கிறது: 1 வடக்கு, 2 வடகிழக்கு, 3 நடுப்பகுதியும் அதன் இரு பக்கங்களும், 4 தெற்கு. சடாவிலிருந்து பேங்காக் வரை செல்லும் பெட்காசெம் சாலையின் எண் 4. பெத்தோங்கிலிருந்து யாலா செல்லும் சாலை 410.

முக்கியமான முடிவு பத்தாலுங்கில் எடுக்க வேண்டியது. 4ஆம் எண் சாலை அங்கே மேற்கே திரும்பி, திராங், கிராபி, ரனோங் என்று மேற்குக் கரையைச் சுற்றுகிறது. அங்கே பிரியும் 41ஆம் எண் சாலை துங் சோங் வழியாக நேரே சும்போன் சென்று மீண்டும் 4ஐச் சந்திக்கிறது. எண் 4ஐயே நம்பி ஓட்டுபவர் பல மணி நேரம் சுற்றிப் போவார். 1:10,00,000 அளவில் ஒரு சென்டிமீட்டர் பத்து கிலோமீட்டர். 41ஆம் எண் சாலை ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் நீளும். இதை முதல் நாள் மேசைமேல் விரித்துப் பார்த்தவருக்கு, எங்கே எண்ணெய் போடலாம், எந்த ஊரில் இரவு தங்கலாம் என்பதெல்லாம் தெளிவாகும். பான் போங் அருகே தொடங்கும் 323ஆம் எண் சாலை காஞ்சனபுரி வழியாக மூன்று பகோடா கணவாய்வரை, அன்றைய மரண இரயில் போன திசையிலேயே போகிறது.

2000 மே மாதம் அமெரிக்கா ஜி.பி.எஸ். துல்லியத்தின் மீதிருந்த கட்டுப்பாட்டை நீக்கியபின் கைப்பேசி வழிகாட்டிகள் பெருகின. அடுத்த திருப்பத்தைச் சொல்வதில் அவற்றுக்கு நிகரில்லை. ஆனால் அந்த இரயில் பாதை வேலைக்குத் தன் தாத்தா எவ்வளவு தொலைவு கொண்டுபோகப்பட்டார் என்பதை ஒரே பார்வையில் உணர, கெடாவிலிருந்து பர்மா எல்லைவரை விரிந்த தாள் வேண்டும்.

செய்ய வேண்டியது

வரைபடத்தைப் படிக்கும் உரிமையைத் தோட்டத் தமிழர்கள் பெற்றுவிட்டார்கள். அதில் தங்களைப் பதியும் வேலை பாக்கி இருக்கிறது. பழைய சாலை வரைபடங்களில் கண்ட தோட்டப் பெயர்கள் பல, புதிய பதிப்புகளில் வீடமைப்புத் திட்டங்களாக மாறிவிட்டன. சயாமுக்குப் போனவர்கள் எந்தத் தோட்டத்திலிருந்து கிளம்பினார்கள், எந்த முகாமில் இருந்தார்கள் என்பது பெரும்பாலும் குடும்பங்களின் நினைவில் தான் மிஞ்சியிருக்கிறது. தமிழ்ப்பள்ளிகளும் கோயில் நிர்வாகங்களும் பழைய அட்லஸ்களைத் திரட்டி, மூத்தோரைக் கேட்டு, இவ்விடங்களைக் குறித்துத் தமிழில் ஒரு வரைபட நூலை வெளியிட வேண்டும். கோலா கெத்திலிலிருந்து காஞ்சனபுரிக்குக் கார் ஓட்டும் தலைமுறையால் அந்தப் பணியை இன்றே தொடங்க முடியும். சொல்லத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே தொடங்குவது தான் முறை.