வேப்பிலை, வெள்ளி, சாக்கடை: 'பச்சை' நானோவின் கதை

இன்னைக்கு எபிசோட் வேப்பிலையில ஆரம்பிச்சு சாக்கடைத் தண்ணியில முடியும். பொறுத்துக்கோங்க.

சுவிஸ் தாவரவியலாளர் கார்ல் நேகெலி ஒண்ணு கவனிச்சார். செம்பு, வெள்ளி மாதிரி உலோகம் துளியூண்டு கரைஞ்சிருந்தாலே தண்ணியில இருக்கிற பாசி செத்துப்போகுது. அவர் இறந்த பிறகு, 1893-ல்தான் அந்த ஆய்வு அச்சுல வந்தது.

வெள்ளியை நானோ துகளாக்கினா மேற்பரப்பு பல மடங்கு கூடும். கிருமியைக் கொல்ற வெள்ளி அயனியும் வேகமா வெளிய வரும். ஆனா துகளைச் செய்ய, சோடியம் போரோஹைட்ரைடு மாதிரி காட்டமான ரசாயனங்கள் தேவைப்பட்டுச்சு.

இங்கதான் புனே வருது. தேசிய வேதியியல் ஆய்வகத்துல முரளி சாஸ்திரியின் குழு, வேப்பிலையைக் கொதிக்கவெச்ச தண்ணியை சில்வர் நைட்ரேட்டோட கலந்தாங்க. இலைச் சாறே வேலையை முடிச்சிருச்சு, சில மணி நேரத்துல வெள்ளி நானோ துகள் ரெடி! ஆய்வு 2004-ல் வெளியாச்சு. அப்புறம் கற்றாழை, துளசின்னு இலைக்கு இலை ஆய்வுகள். 'கழிவுநீர்ல கிருமியைக் கொல்ல உதவும், சூழலுக்கு உகந்தது'ன்னு பலதும் முடியும்.

நானும் அதை நம்பினேன், இன்னொரு வரலாற்றைப் படிக்கிற வரைக்கும்.

1914-ல் மான்செஸ்டர்ல ஆர்டெர்ன், லாக்கெட்னு ரெண்டு பேர் ஒரு முறையை அறிவிச்சாங்க. கழிவுநீர்ல காற்றை ஊதி, சேற்றுல வாழுற பாக்டீரியாவை வெச்சே அழுக்கைத் தின்னவைக்கிறது. இன்னைக்கும் உலகம் முழுக்க சுத்திகரிப்பு நிலையங்கள் இப்படித்தான் ஓடுது. வெள்ளிக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியான்னு வித்தியாசம் தெரியாது. அம்மோனியாவை நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா அதுல சுலபமா அடிவாங்கும்.

வெள்ளி அயனி விடுற வாஷிங் மெஷின் அமெரிக்காவுல விற்பனைக்கு வந்தப்போ, கவலைப்பட்டதுல கழிவுநீர் நிலையங்களை நடத்துறவங்களும் உண்டு. 2007-ல் அரசு அந்த மெஷினைப் பூச்சிக்கொல்லி சட்டத்துக்குள்ள கொண்டுவந்தது.

அப்போ வெள்ளியே வேண்டாமா? அப்படியில்ல. சென்னை ஐ.ஐ.டி.யில பிரதீப்பின் குழு 2013-ல் வெளியிட்ட குடிநீர் ஃபில்டர்ல, துகளைக் கூண்டுல பிடிச்சமாதிரி வெச்சு, அயனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா விட்டாங்க.

எனக்குப் புரிஞ்சது இதுதான்: 'பச்சை'ங்கிறது துகளைச் செஞ்ச விதத்தைத்தான் சொல்லுது, அது ஆத்துல கலந்தா என்ன ஆகும்னு சொல்லல. வேப்பிலையில பிறந்தாலும் வெள்ளி வெள்ளிதான். அடுத்த தடவை 'இயற்கை நானோ'ன்னு யாராவது சொன்னா, ஒரே கேள்வி கேளுங்க: வேலை முடிஞ்சதும் அது எங்க போகுது?

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.